சாயம் போக வேண்டும், நீளம் போகக் கூடாது

நெய்வேலி நகரியத்தில், சாயம் பூசி முடி வைக்கோலாகிப்போன சகோதரிகளுக்கு நாம் சொல்வது ஒரு கணக்குதான். வெளியே வந்த முடிக்கு உயிரில்லை. எண்ணெய் வழவழப்புத் தருமே தவிர, பழையபடி ஆக்காது. வேரிலிருந்து மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. 3 மாதத்துக்கு ஒருமுறை நுனியில் 3 செ.மீ. வெட்டினால் நீளம் அப்படியே நிற்கும், சாயம் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போகும். 45 செ.மீ. முடி முழுவதும் மாற 4 ஆண்டுகள்வரை பிடிக்கும். இடையில் மறுபடி பூசினால் கணக்கு முதலிலிருந்து!

அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ஒட்டுமுடி கேட்கிறார்கள். நோயால் முடி உதிர்ந்த மகளுக்கு வைக்கலாமா என்று ஓர் அன்சாரிப் பெண் கேட்டபோதே நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள் (புகாரி). குளித்த ஈரத்தோடு ஹிஜாபுக்குள் இறுக்கிக் கட்டாதீர்கள். ஈரமுடி சீக்கிரம் அறுந்துவிடும்.