மோர் பியூரெட்
கண்ணாடி, ரப்பர் குழாய், உலோகக் கவ்வி
1850-களின் ஜெர்மன் வடிவமைப்பு

ஒரு கரைசலில் அமிலமோ காரமோ எவ்வளவு இருக்கிறது என்று தரம் பார்க்கும் கருவி. கோப்ளென்ஸ் நகரத்து மருந்தாளுநர் கார்ல் ஃப்ரீட்ரிக் மோர் (1806–1879) வடிவமைத்தது.

முந்தைய பியூரெட்டுகள் பலவற்றைக் கையில் பிடித்துச் சாய்த்து ஊற்ற வேண்டியிருந்தது. மோர், அளவுக் கோடுகளிட்ட கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் நிமிர்த்தி நிறுத்தி, அடியில் ரப்பர் குழாய் செருகி, அதில் கவ்வி மாட்டினார். கவ்வியை மெல்ல அழுத்தினால் ஒரே ஒரு துளி விழும். எளிய மாற்றம்தான், ஆனால் அளவீட்டின் துல்லியமே இதனால் உயர்ந்தது. கண்ணாடித் திருகு வைத்த பியூரெட்டுகளில், காரக் கரைசல் பட்டுத் திருகு இறுகிக்கொள்ளும்; அந்தத் தொல்லையும் இதில் இல்லை. ரப்பரோடு வினைபுரியும் அயோடின், பெர்மாங்கனேட் கரைசல்களுக்கு மட்டும் இது ஆகாது.

பூஜ்யம் உச்சியில் இருப்பதைக் கவனியுங்கள். இறங்கிய அளவை நேராகப் படிக்கவே இந்த ஏற்பாடு.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நிறம் மாறிக் காட்டும் பொருள் நிறங்காட்டி. மோர் காலத்தில் நிறங்காட்டியாக லிட்மஸ் சாயம் பயன்பட்டது. இன்று பள்ளிகளில் பயன்படும் பினாப்தலீனை அடால்ஃப் பேயர் 1871-இல்தான் தயாரித்தார். அமிலமும் இரண்டு சொட்டு பினாப்தலீனும் உள்ள குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு துளி விழுந்ததும் அந்த இடம் இளஞ்சிவப்பாகும். குடுவையைச் சுழற்றினால் நிறம் மறையும். அமிலம் முழுவதும் தீரும் முடிவுநிலை நெருங்க நெருங்க மறைவது தாமதமாகும். பிறகு ஒரு துளியில் கரைசல் முழுவதும் வெளிர் சிவப்பாகி நிற்கும். அங்கே நிறுத்திவிட்டு அளவைப் படிக்க வேண்டும். குடுவையை அப்படியே விட்டுவைத்தால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்த நிறமும் வெளுத்துவிடும்.