ஊரோரக் குன்றும் ஏரிக்கரையும்

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், திருநீர்மலை, மேடவாக்கம், வண்டலூர் என்று நீண்டு செல்லும் புறநகர்ப் பிரதேசத்தில் குடியேறியவர்களுக்கு, பட்டணத்தின் மத்தியில் வசிப்பவர்களுக்குக் கிட்டாத பாக்கியம் ஒன்று வாய்த்திருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து அரைமணி நேரம் நடந்தால் ஒரு பாறைக்குன்றோ, ஓர் ஏரிக்கரையோ, முட்புதர் மண்டிய ஒரு காப்புக்காடோ எதிர்ப்பட்டுவிடுகிறது. வாரம் முழுவதும் அலுவலகத்தில் அடைபட்டுக் கிடந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியிருப்பது, நம் நகர வாழ்க்கையில் அண்மையில் ஏற்பட்டிருக்கும் ஆரோக்கியமான மாறுதல்களில் ஒன்று என்றே கருதுகிறேன். ஆனால், நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படும்போது வழியை விசாரித்து, அனுமதி கேட்டு, மருந்துகளையும் மறவாமல் எடுத்து வைத்துக்கொள்ளும் அதே மனிதர், தம் தெருக்கோடியில் இருக்கும் குன்றுக்குப் போகும்போது இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. பக்கத்தில் இருக்கும் இடத்தில் அபாயம் இராது, யாரையும் கேட்கவும் வேண்டியதில்லை என்ற நம்பிக்கை எப்படியோ நம் மனத்தில் வேரூன்றிவிட்டது; அந்த நம்பிக்கையே பல துயரங்களுக்கு மூலகாரணமாக இருக்கிறது.

இந்த இடங்கள் சாமானியமானவையும் அல்ல. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் அறிஞர் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் ஆதிமனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்த பிறகுதான், இந்திய மண்ணின் கற்கால வரலாறு உலகுக்குத் தெரியவந்தது. நன்மங்கலம் காப்புக்காட்டில், கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை வாசம் செய்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. இவ்வளவு பெருமை வாய்ந்த நிலங்களில் நடப்பதற்கு நமக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. நம் காலுக்குக் கீழே இருக்கும் மண் யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்து அந்த விடை அடிக்கு அடி மாறுகிறது.

ஏரியும் அதன் கரையும் பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பிலோ உள்ளாட்சியின் பொறுப்பிலோ இருப்பவை. ஊருக்குப் பொதுவான வண்டிப்பாதை வருவாய்த் துறையின் கணக்கில் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். கோயில் அமைந்த குன்றின் படிக்கட்டு தேவஸ்தானத்துக்கு உரியது. அங்கே நடை சாத்தும் நேரத்துக்கும் கோயில் ஒழுங்குக்கும் நாம் கட்டுப்பட வேண்டும். குன்றின் மறுசரிவு காப்புக்காடாக இருக்கலாம், அடிவாரத்து மேய்ச்சல் வெளி ஒருவருடைய பட்டா நிலமாகவும் இருக்கலாம். இவற்றையெல்லாம் எப்படி அறிந்துகொள்வது என்று மலைக்க வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடும் புலப்படமும் சர்வே எண்வாரியாக இந்த விவரத்தைச் சொல்லும். வருவாய்த் துறையின் மின்னணுச் சேவை வழியாக வீட்டிலிருந்தே பார்க்கவும் முடியும். ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் தன் சுற்றுவட்டாரத்துப் பாதைகளின் சர்வே எண்களை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எத்தனையோ வழக்குகளும் வாக்குவாதங்களும் முளையிலேயே தீர்ந்துவிடும்.

காப்புக்காட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அறியாமையால் நேரும் குற்றங்கள் அங்கேதான் அதிகம். 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவின்படி, காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும், அங்கே தீ மூட்டுவதும் தண்டனைக்குரியவை. வேலி இல்லை, காவலர் இல்லை, பலகை துருப்பிடித்து விழுந்துவிட்டது என்பவை சட்டத்தின் கண்களில் சமாதானமாகா. கிண்டி தேசியப் பூங்கா போன்ற இடங்களுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். அங்கே விலங்குகளைச் சீண்டுவதும் குப்பை போடுவதும்கூடக் குற்றம். 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தச் சட்டத்தின் பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டுவரை சிறையோ 1 லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆராய்ச்சிக்காகவும், புகைப்படம் எடுப்பதற்காகவும், சுற்றுலாவுக்காகவும் நுழைவு அனுமதி வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. ஆகவே அனுமதி கோரி விண்ணப்பிப்பது யாரிடமும் கையேந்துவதாகாது. சட்டமே திறந்து வைத்திருக்கும் வாசல் அது.

2018-ல் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைப் பதிவு முறையில் திறந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகளும் அவற்றுள் ஒன்று. உள்ளூர் மக்களே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக உடன் வரும் இந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தூரத்து மலைகளுக்குக் காட்டிய அக்கறையைப் புறநகரின் சிறு காடுகளுக்கும் காட்டலாகாதா? மாதத்தில் சில காலைப் பொழுதுகளிலாவது, வனக்காப்பாளர் ஒருவரின் துணையோடு குறைந்த எண்ணிக்கையினரை அழைத்துச் சென்றால், வேலியைத் தாண்டிக் குதிக்கும் இளைஞர்களில் பாதிப்பேர் வரிசையில் வந்து நிற்பார்கள். பூட்டிய கதவு மட்டும் காட்டைக் காப்பாற்றிவிடும் என்று நினைப்பது சரியன்று.

தெரியாமல் ஒருவருடைய பட்டா நிலத்தில் கால் வைத்துவிட்டால், அதுவே கிரிமினல் குற்றமாகிவிடாது. குற்றம் புரியவோ, நிலத்தை அனுபவிப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ எண்ணம் இருந்தால்தான் அத்துமீறல் குற்றமாகிறது என்று பாரதிய நியாய சன்ஹிதா கூறுகிறது. உரிமையாளர் வெளியேறச் சொன்னால் வாதிடாமல் வெளியேறுவதே நாகரிகம். அதுவே பாதுகாப்பும் ஆகும். காப்புக்காட்டில் வன அலுவலர் நிறுத்தினால் பெயரையும் விலாசத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். இணக்கக் கட்டணம் செலுத்தித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால், அதற்குரிய ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். ரசீதில்லாத பணம் அரசாங்கத்துக்குப் போய்ச் சேராது. யாரையேனும் கைது செய்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆம் ஷரத்து தரும் பாதுகாப்பு.

இனி அபாயங்கள். புறநகர்க் குன்றுகளின் அடிவாரத்தில் எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருபவை கைவிடப்பட்ட கல்குவாரிகள். மழைநீர் தேங்கி, பச்சைநிறக் கண்ணாடியைப்போல் அசைவற்றுக் கிடக்கும் அந்த நீர்நிலைகள் பார்வைக்கு எவ்வளவு சாந்தமாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்குக் கொடியவை. குளத்துக்கும் ஏரிக்கும் இருப்பதுபோன்ற சரிவான கரை குவாரிக்கு இல்லை. வெடிவைத்துப் பிளந்த பாறை செங்குத்தாக இறங்குவதால், முழங்கால் ஆழத்தில் நிற்பதாக எண்ணியவன் அடுத்த அடியில் பல ஆள் ஆழத்துக்குப் போய்விடுகிறான். பாறையில் படிந்த பாசி, ஏறிவரப் பிடிமானம் தராது. நீந்தத் தெரிந்தவனும் இங்கே தப்புவதில்லை. முழுகுகிறவனைக் காப்பாற்றக் குதிக்கும் நண்பனும் அவனோடு போகிறான். நீரில் விழுந்தவருக்குக் கயிறோ, புடவையோ, காலிக் குடமோ, எதையாவது கரையிலிருந்தபடியே வீச வேண்டுமேயன்றி, பின்னால் குதிக்கலாகாது. திறந்தவெளிக் குவாரியின் மேல்விளிம்பை வேலியிட்டுக் காக்க வேண்டும் என்று சுரங்கச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் கட்டளையிடுகின்றன. வேலியில்லாத குவாரியைக் காணும் எவரும் மாவட்ட ஆட்சியருக்கும் கனிமவளத் துறைக்கும் புகைப்படத்துடன் எழுதலாம், எழுத வேண்டும். ஒரு குழந்தை மாண்ட பிறகு கட்டும் வேலி யாருக்கு ஆறுதல் தரும்?

பாம்பைப் பற்றி நம்மிடையே பயம் உண்டு, ஞானம் இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே விஷமுறிவு மருந்து நம் நாட்டில் கிடைக்கிறது. அதற்கு வேண்டிய விஷத்தைத் திரட்டித் தருபவர்களில் முக்கியமானவர்கள், 1978-ல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். புறநகர்வாசிகளின் அண்டை அயலாராக வாழும் அம்மக்களுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் சிலரே. கடிபட்டால், கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், மேலே இறுக்கிக் கயிறு கட்டுவதும் கெடுதலையே விளைவிக்கும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு, கடிபட்ட அங்கத்தைக் கட்டை வைத்து அசையாமல் கட்டி, அவரை நடக்கவிடாமல் 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைத் தேடிக் கொல்வதில் ஒரு நிமிஷத்தையும் வீணாக்க வேண்டாம். அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார். கட்டுவிரியன் கடி வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். ஆகவே வலிக்கவில்லை என்று வீட்டுக்குத் திரும்பிப் படுத்துவிடுவது உயிருக்கு உலை வைக்கும். தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியிருப்பது காலம் தாழ்ந்த காரியமாயினும் நல்ல காரியம்.

ஏரிக்கரைகளில் பாம்பைக் காட்டிலும் அடிக்கடி எதிர்ப்படுவது தெருநாய். நாயோ குரங்கோ கடித்தாலும் பிராண்டினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். புதர்க்காட்டில் சுற்றிவந்த சில நாட்களில் கடுங்காய்ச்சல் கண்டு, உடலில் கருகிய புண்போன்ற ஒரு வடு தென்பட்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதருக்குள் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், தக்க சமயத்தில் மருந்து கொடுத்தால் எளிதில் குணமாகும் நோய் அது. மலைத்தேனீக் கூட்டின் அருகே புகை எழுப்புவதும் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போவதும் கூடாது.

தீயின் கொடுமைக்குத் தேனி மாவட்டத்துக் குரங்கணியைக் காட்டிலும் வேறு சாட்சி தேவையில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி, காய்ந்த புல் மண்டிய மலைச்சரிவில் பரவிய தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சரிவில் அது மனிதன் ஓடுவதைவிட வேகமாக மேல்நோக்கி ஏறும். ஆகவே உச்சியை நோக்கி ஓடுவது ஆபத்து. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைப் பரப்பையோ ஏற்கெனவே எரிந்து தணிந்த இடத்தையோ அடைய முயல வேண்டும். பிப்ரவரி நடுவிலிருந்து கோடைமழை வரையில் புல்வெளிக் குன்றுகளைத் தவிர்ப்பதே உத்தமம்.

கட்டணம் வாங்கிக்கொண்டு நடைப்பயணம் நடத்தும் குழுக்கள் இப்போது பெருகியிருக்கின்றன. பணம் பெற்றுச் சேவை அளிப்பதால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு அவை கட்டுப்பட்டவை. என்ன நேர்ந்தாலும் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்ட தாளில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும், அனுமதி பெறாமல் அழைத்துப் போனதும் முதலுதவி ஏற்பாடின்றி நடத்தியதும் சேவைக் குறைபாடே என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதிடலாம். அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் புறப்படுமுன்பே வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரோடு போகாதீர்கள்.

நடப்பதற்குரிய இடமே நம் கண்ணெதிரில் களவு போகும்போது என்ன செய்வது? மனைப்பிரிவு உருவாகும்போது, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலத்தில் கடையோ மண்டபமோ எழும்புமானால், குடியிருப்போர் தட்டிக் கேட்கலாம். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்பதை உறுதிசெய்ததோடு, அண்டையில் வசிப்பவர்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு என்பதையும் நிலைநாட்டியது. ஏரிக்கரை ஆக்கிரமிப்புக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. முதலில் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி நிலத்தின் வகைப்பாட்டைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, அதற்குரிய ஒப்புகைச் சீட்டையும் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். பாழான இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் நஷ்ட ஈட்டுக்கும் கோருவதானால் 5 ஆண்டு அவகாசம் உண்டு. முதல் லாரி மண்ணைக் கொட்டிய அன்றே, தேதி தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து, சர்வே எண்ணோடு சங்கத்தின் குறிப்பேட்டில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். காலக்கெடு எந்த நாளில் தொடங்கியது என்பதை அதைக் கொண்டுதான் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க முடியும்.