கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு மனு

கொள்ளிடத்துக்கு வடக்கே, உடையார்பாளையம் தாலுகாவில் உள்ளது தா.பழூர். அவ்வூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் நம்மிடம் சில நாட்களுக்கு முன் ஓர் அம்மாள் வந்தார். மகன் தண்டனை பெற்றுத் திருச்சி மத்தியச் சிறையில் இருக்கிறான். "அப்பீலுக்கு ஸ்டாம்புச் செலவு, வக்கீல் செலவெல்லாம் ஆகுமாம் ஐயா. கறவை மாட்டை விற்றுவிடட்டுமா?" என்று கேட்டார்.

"மாட்டை விற்க வேண்டாம், அம்மா" என்றோம். அதன் காரணத்தை நேயர்களும் அறிந்திருப்பது நன்று.

ஸிவில் வழக்குக்குக் கோர்ட்டுக் கட்டணம் உண்டென்பது யாவரும் அறிந்ததே. கைதியின் மனுவோ வேறு விஷயம். அன்னியர் ஆட்சியில் 1870-ல் இயற்றப்பட்ட கோர்ட்டுக் கட்டணச் சட்டமே, கைதி கொடுக்கும் மனுவுக்குக் கட்டணம் வேண்டாமென்று விலக்களித்தது. தண்டனை பெற்றவர் அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் அதை உரிய கோர்ட்டுக்கு அனுப்பியே தீரவேண்டும். தீர்ப்பின் நகலும் இலவசம். செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 60 நாள் என்ற கெடுவை மட்டும் மறக்கலாகாது.

ஆயினும், எழுதத் தெரியாதவருக்குக் கட்டணமில்லாத காகிதத்தால் என்ன பயன்? இக்குறையைப் போக்கியது சுதந்திர பாரதமே. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி வேண்டுமென்ற 39-ஏ பிரிவு 1976-ல் அரசியல் சாஸனத்தில் சேர்ந்தது. 1978-ல் ஹோஸ்காட் வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கைதிக்குத் தீர்ப்பின் நகலைத் தாமதமின்றித் தரவேண்டும், வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு ஸர்க்கார் செலவில் வக்கீல் அமர்த்தவேண்டும் என்று தீர்ப்பளித்தார். 1987-ம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995-ல் அமுலுக்கு வந்தது. அதன்படி, காவலில் உள்ளவர் வருமானம் எவ்வளவாயினும் இலவச உதவிக்கு உரியவர். வக்கீல் ஊதியம், கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு யாவும் அதில் அடங்கும்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் கதையைக் கேளுங்கள். 1962-ல் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழைக் கைதி, புளோரிடாச் சிறையிலிருந்து பென்ஸிலால் எழுதிய மனுவைக் கட்டணமின்றியே அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட்டு ஏற்றது. மறு வருஷம் அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆனால் 1996-ல் வந்த ஒரு சட்டம், ஸிவில் வழக்குத் தொடுக்கும் ஏழைக் கைதியும் முழுக் கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தவேண்டும் என்றது. சிறைக் கணக்கில் மாதந்தோறும் சேரும் பணத்தில் நூற்றுக்கு இருபது பங்கு அதற்காகப் பிடிக்கப்படுகிறது. இவ்விஷயத்தில் நம் சட்டம் தாழ்ந்ததன்று.

தாழ்ந்திருப்பது சட்டத்தைப் பற்றிய அறிவே. உரிமை ஏட்டில் இருக்க, மாடு சந்தைக்குப் போகிறது! "குற்றவாளிக்கு இத்தனை சலுகையா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். வ.உ.சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்த சிறையை மறக்காத நாடு இது. சிறையில் இருப்பவன் சொல்லையும் கேட்ட பிறகே நீதி நிறைவெய்தும்.

ஆகவே, எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவில் இப்படி ஒரு தாய் கலங்கி நின்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுங்கள். 15100 என்ற தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள். வேண்டுமானால் மனுவையும் எழுதிக் கொடுங்கள். அந்த அம்மாளுக்கு அன்று மாலையே நாம் மனு எழுதிக் கொடுத்தோம். அதற்கு ஆன செலவு ஒரு தாள் காகிதம்தான்.