ஊழிமுடிவின் இலக்கணம்

ஒரு பொருளின் முடிவு என்பது, அப்பொருளை அப்பொருளாக நிறுத்தி வைத்திருக்கும் ஒழுங்கு குலைதல். கூறுகள் இல்லாமற் போவது முடிவன்று. அவை கூடியிருந்த வகை இல்லாமற் போவதே முடிவு. இவ்வரையறையை ஏற்றால், உலகம் முடியும் என்று உரைப்பவர் எவராயினும் மூன்று வினாக்களுக்கு விடையிறுக்கக் கடன்பட்டவர் ஆகின்றார். முடிவது மாந்த இனமா, நாம் வாழும் ஞாலமா, புடவி முழுவதுமா? எந்த ஆற்றலால் அது முடியும்? எந்த அளவையால் அதனை அறிந்தீர்?

மாந்தர் கொண்ட நம்பிக்கைகளைக் காலத்தின் வடிவம் கொண்டு வகுத்தால், அவற்றுட் பெரும்பாலன மூன்று பிரிவுகளில் அடங்கும். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கி, மீண்டும் தோன்றும் என்பது சுழற்காலம். மெய்கண்டார் வகுத்த சைவ மெய்யியல் இதனைக் கொள்கிறது. உலகம் தீயில் ஒடுங்கித் தீயினின்றே மீளும் என்ற கிரேக்கத்து ஸ்தோயிக்கரும் இப்பிரிவினரே. தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, இடையே மீளாத ஓட்டம் என்பது நேர்காலம். கிறித்தவமும் இசுலாமும் எதிர்நோக்கும் இறுதித் தீர்ப்புநாள் இதன்பாற்பட்டது. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்தாலும் உலகு படைக்கப்பட்டதும் அன்று, அழிவதும் அன்று எனச் சமணர் கூறுவது முடிவிலாக் காலம்.

இருபதாம் நூற்றாண்டின் புடவியியலும் இவற்றையொத்த மூன்று வடிவங்களை எடுத்து ஆராய்ந்தது. புடவியின் செறிவு மிகுதியாயின் அதன் விரிவு நின்று சுருங்கும் என்பதும், குறைவாயின் என்றென்றும் விரியும் என்பதும் 1922, 1924ஆம் ஆண்டுகளில் உருசிய அறிஞர் பிரீடுமன் வெளியிட்ட கணக்கினின்று பெறப்படுவன. 1948இல் ஆயில், பாண்டி, கோல்டு ஆகிய மூவர் தொடக்கமும் முடிவும் அற்ற மாறாநிலைப் புடவியை முன்வைத்தனர். 1965இல் வெளியான பென்சியாசு, வில்சன் இருவரின் கண்டுபிடிப்பு, விண்ணின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும் தொடக்கத்தின் எச்சமாகிய நுண்ணலைக் கதிரைக் காட்டியதும் அக்கொள்கை நிலை தளர்ந்தது. வடிவம் ஒத்திருப்பதைக் கண்டு, முன்னோர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தனர் என்று முழங்குவது அவர்களுக்குப் பெருமை சேர்க்காது. அவர்கள் காலத்தின் வடிவை எண்ணிப் பார்த்தனர். அதனை அளக்கும் கருவி நமக்கே வாய்த்தது.

அளவையின் அருமையை மூன்று நிகழ்வுகள் விளக்கும். அமெரிக்க நெறியுரைஞர் வில்லியம் மில்லரின் வழிவந்தோர், தானியேல் நூலில் வரும் 2300 நாளை ஆண்டுகளாகக் கொண்டு, 1844 அக்டோபர் 22 அன்று இயேசு மீள வருவார் என நாள் குறித்தனர். விளைந்த பயிரை அறுக்காமலே விட்டுக் காத்திருந்தோரும் உண்டு. நாள் வந்து கழிந்தது. அங்கே நாள் இருந்தது, இயற்கை ஏது இல்லை. 1910இல் ஆலி வால்வெள்ளியின் நிறமாலையில் சயனோசன் என்னும் நச்சுவளி தென்பட்டது. அதன் வாலினூடே ஞாலம் கடக்கும் என்று கேட்டோர் சாவித் துளைகளையும் அடைத்தனர். அங்கே ஏது இருந்தது, அளவு இல்லை. தீங்கு செய்ய இயலாத அளவுக்கு மெலிந்தது அவ்வால்.

மூன்றாவதில் ஏதும் அளவும் கூடின. 2004 சூன் திங்களில், அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்து அபோபிசு என்னும் சிறுகோள் கண்டறியப்பட்டது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 340 மீட்டர். 2029 ஏப்ரல் 13 அன்று அது ஞாலத்தின்மீது மோதுவதற்கான நிகழ்தகவு, 2004 திசம்பர் இறுதியில் 2.7 விழுக்காடு வரை ஏறியது. நோக்க நோக்க இடர் குறையாமல் கூடியது ஏன்? சிறுகோள் வருங்காலத்தில் நிற்கும் இடத்தை ஒரு புள்ளியாகக் குறிக்க இயலாது; நிற்கக்கூடிய இடங்கள் அனைத்தும் சேர்ந்த பரப்பாகவே குறிக்க இயலும். அதனைப் பிழைப்பரப்பு என்போம். நோக்கீடுகள் பெருகுந்தோறும் பிழைப்பரப்பு சுருங்கும். ஞாலம் அதனுள் அகப்பட்டிருக்கும் வரை, சுருங்கும் பரப்பில் ஞாலத்தின் பங்கு பெருகும். ஆகவே நிகழ்தகவும் ஏறும். பரப்பின் விளிம்பு ஞாலத்தைத் தாண்டி உள்வாங்கியதும் நிகழ்தகவு சுழியை நோக்கி வீழும். 2004 மார்ச்சில் எடுத்த பழைய ஒளிப்படங்களில் அபோபிசு பதிந்திருந்தது தெரியவந்ததும், 2029ஆம் ஆண்டின் இடர் அவ்வாறே நீங்கியது. அலையை ஏவி அதன் மீள்வரவை அளக்கும் கதுவீயால் 2021இல் நோக்கி, அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மோதல் இல்லை எனவும் உறுதி செய்தனர். 2029இல் அது ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில், ஞாலத்தின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களின் உயரத்துக்கும் கீழே, வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒளியுடன் கடந்து செல்லும். ஏறும் எண்ணை மறைக்காமல் உலகறிய வெளியிட்ட நேர்மையை நான் பெரிதும் போற்றுகிறேன்.

ஞாலத்தின் முடிவு ஞாயிற்றின் கையில் உள்ளது. ஏறத்தாழ 460 கோடி ஆண்டு அகவை கொண்ட ஞாயிற்றின் ஒளிர்வு, நூறு கோடி ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்னும் அளவில் கூடி வருகிறது. அடுத்த நூறு கோடி ஆண்டை ஒட்டிக் கடல்கள் வற்றத் தொடங்கும் என்பது கணிப்பு. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் ஞாயிற்றின் கருவில் நீரகம் தீர, அது செம்பெருமீனாகப் பருக்கும். ஞாலம் அதனுள் விழுங்கப்படுமா என்பதில் இரண்டு விளைவுகள் எதிரெதிர் நிற்கின்றன: ஞாயிறு தன் நிறையை இழப்பதால் ஈர்ப்புத் தளர்ந்து ஞாலம் விலகும், ஓத ஈர்ப்பு அதனை உள்ளே இழுக்கும். விழுங்கப்படும் என 2008இல் ஒரு கணக்கு காட்டியது. எஞ்சுவது ஒரு வெண்குறுமீன். வெண்குறுமீன் தாங்கக்கூடிய பெரும நிறை ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் வரம்புக்கு வழிவகுத்த கணக்கை, தமிழ்க் குடியிற் பிறந்த சந்திரசேகர் 1930இல், தம் பத்தொன்பதாம் அகவையில், இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலேயே போட்டார். ஞாயிற்றின் அகவையைக் குறிக்கும் இத்தகைய பேரெண்கள் தமிழுக்குப் புதியன அல்ல. பரிபாடலில் கீரந்தையார் ஊழிகளை எண்ணுதற்கு ஆம்பல், வெள்ளம் முதலிய எண்பெயர்களை ஆண்டுள்ளார்.

புடவியின் முடிவோ இன்னும் தீராத வழக்காகவே உள்ளது. அதன் விரிவு விரைந்து கூடுகிறது என 1998இல் விண்மீன் வெடிப்புகளை அளந்த இரு குழுவினர் கண்டனர். அதற்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. விரிவை உந்துவதாகக் கருதப்படும் இருள் ஆற்றல் மாறாதிருப்பின், விண்மீன்கள் ஒவ்வொன்றாய் அவியும் பெருங்குளிர் விளையும். மிகுந்துகொண்டே போயின் அணுவும் பிளவுறும் பெருங்கிழிவு விளையும். தளர்ந்து ஈர்ப்பாக மாறின் பெருஞ்சுருக்கம் விளையும். அதே கிட் பீக் மலையில் 5,000 ஒளியிழைகள் கொண்ட கருவியொன்று விண்மீன் திரள்களின் தொலைவை அளந்து வருகிறது. அதன் 2024, 2025ஆம் ஆண்டு முடிவுகள், இருள் ஆற்றல் காலப்போக்கில் தளரக்கூடும் என்னும் குறிப்பைத் தருகின்றன. கண்டுபிடிப்பு என அறிவிக்கத் தக்க உறுதியை அக்குறிப்பு இன்னும் எட்டவில்லை. எட்டினால், மாறாத ஆற்றலை நம்பி வரைந்த பெருங்குளிர்க் கணக்கைத் திருத்த வேண்டிவரும். எட்டாவிடின் அக்கணக்கே நிற்கும்.