பழைய கணினிக்கு மூன்று வேலை

இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிற சாதனங்கள் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டுதான்: ஃபிரிட்ஜ், வைஃபை ரௌட்டர். மூன்றாவதாக ஒரு சர்வரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கக் காரணங்கள் கூடிக்கொண்டே போகின்றன. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டது. 15 ஜிபி தாண்டினால் சந்தா. ஓடிடியில் போன மாதம் பார்த்த படம் இந்த மாதம் காணாமல் போகிறது. பிள்ளைகளுக்கோ, நண்பர்களோடு மைன்கிராஃப்ட் ஆட எப்போதும் திறந்திருக்கும் ஓர் உலகம் வேண்டும். மூன்றுக்கும் தனித்தனியே மாதாமாதம் பணம் கட்டுவதைவிட, மூன்றையும் செய்யும் ஒரு பெட்டியை வீட்டு மூலையில் வைத்துவிடலாம்.

இதற்குப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவா திங்க்சென்டர், எச்பி எலைட்டெஸ்க் வகை டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. எட்டாம் தலைமுறை ஐ5 சிப்பும் 8 ஜிபி ரேமும் இருந்தால் தாராளம். இரண்டாவதாக ஒரு 3.5 இன்ச் ஹார்டு டிஸ்க் உள்ளே நுழையுமா என்று மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். உள்ளங்கை அகல மினி பிசிக்களில் நுழையாது. புதிதுதான் வேண்டும் என்பவர்களுக்கு இன்டெல் 2023-ல் கொண்டுவந்த என்100 சிப் இருக்கிறது. அதற்குக் குறிக்கப்பட்ட மின் அளவே 6 வாட்தான்.

வாட் கணக்கை இங்கேயே பார்த்துவிடுவது நல்லது. சராசரியாக 10 வாட் இழுக்கும் பெட்டி இரண்டு மாதத்தில் 14 யூனிட் சொச்சம் எரிக்கும். கிராபிக்ஸ் கார்டோடு 100 வாட் இழுக்கும் பழைய கேமிங் கணினியைச் சர்வராக்கினால் அதே காலத்தில் 144 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை அது ஒன்றே விழுங்கிவிடும். ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று பெரிய கணினியை ஓடவிடுவது சிக்கனம் ஆகாது.

சேமிப்பு, சினிமா, விளையாட்டு ஆகிய மூன்றும் கணினியிடம் கேட்பது வெவ்வேறு. சேமிப்புக்கு நம்பகமான டிஸ்க் வேண்டும். சினிமாவுக்கு வீடியோவை மாற்றித் தரும் சுற்று வேண்டும். விளையாட்டுக்கு வேகமான ஒற்றைக் கோர் வேண்டும். கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியை முதல் வேலைக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. படம் ஓடாவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் போனால் போனதுதான்.

ஹார்டு டிஸ்க்கும் ஓர் இயந்திரம். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று. அது ஆண்டுக்கணக்கில் சுழல வேண்டும். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013 முதல் தன் டிஸ்க்குகள் பழுதாகும் கணக்கை வெளியிட்டு வருகிறது. அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் இருக்கிறது. குறைவுதான். ஆனால் அந்த ஒன்று நம் வீட்டு டிஸ்க்காக இருக்காது என்று யார் உறுதி தருவது?

இதற்கான விடையை 1988-லேயே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கேட்ஸ் மூவரும் எழுதிவிட்டார்கள். விலை கூடிய ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டலாம். சேரச்சேரப் பழுதும் கூடும் என்பதால் கூடுதலாக ஒரு டிஸ்க்கில் காப்புக் கணக்கை எழுதிவைக்கலாம் என்றது அவர்களின் கட்டுரை. ரெய்டு என்று இன்று சொல்வது இதைத்தான். முதல் டிஸ்க்கில் 1011, இரண்டாவதில் 0110 இருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு இடத்திலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி மூன்றாவது டிஸ்க்கில் எழுத வேண்டும். அப்படி எழுதினால் 1101 வரும். இப்போது இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது. மிஞ்சிய 1011, 1101 இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அதே விதியைப் போட்டுப் பாருங்கள்: 0110 திரும்பி வந்துவிடும். எத்தனை டெராபைட் ஆனாலும் கணக்கு இவ்வளவுதான். இரண்டே டிஸ்க் உள்ள வீட்டில் இந்தக் கணக்கும் தேவையில்லை. ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதினால் போதும்.

ரெய்டு போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று பலர் நின்றுவிடுவது இங்கேதான். ரெய்டு காப்பது டிஸ்க் சாவதிலிருந்து மட்டும். ஒரு கோப்பை நாமே தவறி அழித்தால் அது எல்லா டிஸ்க்கிலும் அந்த நொடியே அழியும். 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ இட்ட அழிப்புக் கட்டளை படத்தின் கோப்புகளை வரிசையாகத் தின்ன ஆரம்பித்தது. பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைவதைத் திரையில் பார்த்தவர்கள் கணினியின் இணைப்பையே பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. காப்பு நகல் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது சில வாரங்களாகச் சரியாகப் பதிவாகவே இல்லை, யாரும் சோதித்திருக்கவில்லை. காப்பாற்றியது ஒரு வீட்டுக் கணினி. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மேன் தன் கணினியில் படத்தின் நகலை வைத்திருந்தார். (அப்படி மீட்ட படத்தில் பெரும்பகுதியைக் கதை பிடிக்காமல் பிறகு அவர்களே மாற்றி எடுத்தார்கள் என்பது தனிக்கதை.)

பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய 3-2-1 விதி இதற்கு நல்ல மருந்து: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். ஒன்று சர்வரில், இன்னொன்று யுஎஸ்பி டிஸ்க்கில், மூன்றாவது ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில் அல்லது கட்டணக் கிளவுடில். வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் மூன்றும் ஒன்றாகப் போகாது.

அடுத்தது சினிமா. 2018 டிசம்பரில், எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். இலவசம். படக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போஸ்டர், நடிகர் பெயர் எல்லாம் சேர்த்து ஓடிடி போலவே அடுக்கித் தரும். சொந்தமாக வாங்கிய டிவிடிகளைவிட இதற்குப் பொருத்தமான சரக்கு ஒன்று நம் வீடுகளில் உண்டு: கல்யாண வீடியோ கேசட். கடையில் கொடுத்துக் கோப்பாக மாற்றி இதில் போட்டுவிட்டால் தாத்தா முதல் பேரன் வரை டிவியிலேயே பார்க்கலாம்.

பிளே பொத்தானை அழுத்தியதும் நடப்பதுதான் சுவாரசியம். டிவிக்கு அந்த வீடியோ வடிவம் புரியும் என்றால் சர்வர் கோப்பை அப்படியே அனுப்பிவிடும்; பழைய கணினிகூட அசையாமல் செய்யும். புரியாவிட்டால் சர்வர் ஒவ்வொரு பிரேமையும் விரித்து, வேறு வடிவத்தில் மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். 4கே பிரேம் ஒன்றில் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 24 பிரேம் என்றால் ஏறத்தாழ 20 கோடி புள்ளிகள். சாதாரண புராசசர் இதில் மூச்சு வாங்கும். ஆனால் இன்டெல் 2011 முதல் தன் சிப்புகள் பலவற்றில் இந்த வேலைக்கென்றே தனிச் சுற்று ஒன்றை வைத்துவருகிறது. குவிக் சிங்க் என்று பெயர். ஜெல்லிஃபின் அமைப்பில் அதை இயக்கிவிட்டால் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை.

விளையாட்டில் பிரச்சினை வேறு. மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறை உலகத்தைக் கணக்கிடுகிறது: எந்த ஆடு எங்கே நகர்ந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் 50 மில்லிநொடி. அதற்குள் முடியாவிட்டால் ஆட்டம் தடுமாறும். இந்த வேலையின் பெரும்பகுதி ஒரே கோரில் நடப்பதால் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் முக்கியம். நாலைந்து பேர் ஆட 2 முதல் 4 ஜிபி ரேம் போதும். தூரமும் ஒரு கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 2,900 கிலோமீட்டர் தள்ளி சிங்கப்பூரில் உள்ள சர்வருக்குச் சென்னையிலிருந்து போய்த் திரும்ப 29 மில்லிநொடிக்குக் குறைய வழியே இல்லை. வீட்டுக்குள் கேபிளில் அது ஒரு மில்லிநொடிகூட ஆகாது.

மூன்றையும் ஒரே பெட்டியில் நிறுவ டெபியன் லினக்ஸ், அதன்மேல் ஓபன்மீடியாவால்ட், ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனி அறையில் ஓட்ட டாக்கர் என்பது பலர் போகும் வழி. கட்டளைகளுக்குப் பயப்படாதவர்கள் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

வெளியூரிலிருந்து சர்வரை எட்ட நினைக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. ரௌட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் வீடும் அந்தக் கணக்கில் உண்டு. ரௌட்டரில் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. அதற்காக வருந்த வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல் குறிவைத்ததே, இணையத்தில் நேராகத் திறந்து வைக்கப்பட்டிருந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளைத்தான். போர்ட்டைத் திறப்பதற்குப் பதில் வயர்கார்டு மூலம் மறையாக்கப்பட்ட பாதை போடுவது பாதுகாப்பானது. ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதிய இது 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துவிட்டது. இதை வைத்தே இயங்கும் டெயில்ஸ்கேல், பொது முகவரி இல்லாத வீடுகளிலும் வேலை செய்கிறது.

மின்தடை பற்றியும் ஒரு வார்த்தை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு கெடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்துவிடக்கூடும். யுஎஸ்பி வயரோடு வரும் சிறிய யுபிஎஸ் வாங்கினால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணையும்படி அமைக்கலாம்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும், போனில் உள்ள படங்களை அழிக்க அவசரப்படாதீர்கள். சர்வரில் முக்கியமில்லாத ஃபோல்டர் ஒன்றை வேண்டுமென்றே அழித்துவிட்டு, யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து அதை மீட்டுப் பாருங்கள். படங்கள் திறந்தால் சர்வர் தயார்.