ஒரே குற்றம், வெவ்வேறு முடிவுகள்

ரயில்வே டிக்கட் ஜன்னலில் அமர்ந்திருக்கும் நமக்கு ஒரு விதி நன்கு பழகியது. எந்த ஜன்னலில் வாங்கினாலும், ஒரே ஊருக்கு, ஒரே வகுப்பிற்குக் கட்டணம் ஒன்றே. உயிரைப் பற்றிய தீர்ப்பும் அவ்வாறுதானே இருத்தல் வேண்டும்? அவ்வாறு அமையாத வழக்கொன்றை அன்பர்கள் அறிதல் நலம்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தினர் நால்வரைக் கொன்றதற்காக மூவருக்கு 1975-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. குற்றத்தில் மூவரின் பங்கும் சமமே. ஆயினும் அவர்கள் தனித்தனியே சுப்ரீம் கோர்ட்டை அணுகினர்; மனுக்களும் வெவ்வேறு அமர்வுகளின் முன் சென்றன. ஜீதா சிங்கின் மனு 1976-இல் தள்ளுபடியாயிற்று. நீதிபதி பகவதி இடம்பெற்ற அமர்வு 1977-இல் காஷ்மீரா சிங்கின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978-இலும், மறு ஆய்வு மனு 1980-இலும் தள்ளுபடியாயின.

காஷ்மீரா சிங்குக்குக் கிட்டிய சலுகையைக் கோர்ட்டு அலுவலகம் தன் குறிப்பில் எழுதியே வைத்திருந்தது. எனினும் அது நீதிபதிகளின் கவனத்தில் படவில்லை. கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தாக்களாகிய நமக்கு இதைப் படிக்கையில் நெஞ்சம் பதைக்கிறது.

1981 அக்டோபர் 6-ஆம் நாள் ஜீதா சிங் தூக்கிலிடப்பட்டார். ஹர்பன்ஸ் சிங்குக்கும் குறித்த நாள் அதுவே. புதிதாகத் தாக்கல் செய்த மனு அவரைக் காத்தது. அவரது தண்டனையைக் குறைக்குமாறு 1982 பிப்ரவரியில் கோர்ட்டு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. மாண்டவருக்கோ மறு விசாரணை ஏது?

இதனிடையே, 1980-இல், பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கூடித் தூக்குத் தண்டனை செல்லுமா என ஆராய்ந்தனர். செல்லும் என்றனர் நால்வர். மாறுபட்டவர் பகவதி ஒருவரே. யார் அமர்ந்து விசாரிக்கின்றனர் என்பதைப் பொறுத்தே ஒருவன் உயிர் நிற்கிறது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. ஆயினும் பெரும்பான்மையே சட்டமாயிற்று.

உயர் நீதிமன்றத்தில் இத்தண்டனையைக் குறைந்தது இரு நீதிபதிகள் உறுதி செய்தல் வேண்டும். இருவரும் மாறுபட்டால் மூன்றாமவர் கருத்தின்படியே தீர்ப்பு அமையும். சுப்ரீம் கோர்ட்டிலும் 2014 முதல் இத்தகைய மேல்முறையீடுகளை மூவருக்குக் குறையாத அமர்வே விசாரிக்க வேண்டும் என்பது விதி.

நீதிபதியும் மனிதரே, ஒருவர் உள்ளம் இரக்கத்தின்பால் சாயும், மற்றொருவர் உள்ளம் கடுமையின்பால் சாயும். அதனைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆனால் ஒரே குற்றத்திற்கு ஒரே தராசு வேண்டும். கூடுதலாகப் பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தரலாம். போன உயிரை எந்த ஜன்னலில் திருப்பித் தருவது?