நெஞ்செரிச்சலும் அமிலமுறி மருந்தும்

இரைப்பையின் உட்சுவரிலுள்ள சுரப்பிகள் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை சுரக்கும் செரிமான நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்திருக்கிறது; உணவோடு உள்ளே வரும் கிருமிகளைக் கொல்வதும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்ற நொதியைச் செயல்பட வைப்பதும் அதன் பணிகள். இரைப்பையை அந்த அமிலத்திலிருந்து காக்கும் தடித்த சளிப்படலம் உணவுக்குழாய்க்கு இல்லை. இரண்டும் சேருமிடத்தில் வளையமாக அமைந்த தசை தளரும்போதோ, வயிறு முட்ட உண்டவுடன் படுக்கும்போதோ அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் உணரப்படும் அந்த எரிவும், கூடவே வரும் புளித்த ஏப்பமும்தான் நெஞ்செரிச்சல் எனப்படுகின்றன.

கள்ளக்குறிச்சி மருந்துக் கடைகளிலும் மற்ற ஊர்களைப் போலவே 'கேஸ் மருந்து' என்று கேட்டு வாங்கப்படும் கெட்டியான நீர்மத்தில் பெரும்பாலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் இருக்கின்றன. இவை காரத்தன்மை கொண்டவை. அமிலத்தோடு சேர்ந்ததும் உப்பாகவும் நீராகவும் மாறி அதன் வீரியத்தை முறிப்பதால் அமிலமுறிகள் என்று அழைக்கப்படுகின்றன. வேதியியல் கணக்குப்படி 400 மில்லிகிராம் மக்னீசியம் ஹைட்ராக்சைடு, லிட்டருக்கு 3.65 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த நீரில் ஏறத்தாழ 137 மில்லிலிட்டரை முறித்துவிடும். சிறிதளவு மருந்து சில நிமிடங்களில் எரிச்சலை ஆற்றுவது இதனால்தான். ஆனால் சுரப்பது நிற்பதில்லை. வெறும் வயிற்றில் குடித்த மருந்து அரை மணி நேரத்துக்குள் குடலுக்கு இறங்கிவிடும்; உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக்கொண்டால், உணவோடு சேர்ந்து தங்கி, 3 மணி நேரம் வரைகூடப் பயன் தரும்.

இரண்டு உலோகங்களைச் சேர்த்துத் தருவதற்கும் காரணம் உண்டு. மக்னீசியம் விரைவாக வேலை செய்யும், ஆனால் பேதியாக்கும். அலுமினியம் மெதுவாக வேலை செய்யும், மலத்தைக் கட்டும். ஒன்றன் தொல்லையை மற்றொன்று ஈடுசெய்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் உடலில் இரண்டுமே வெளியேறாமல் தேங்கக்கூடும் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. கல்வராயன் மலைத்தொடருக்கு மேற்கே, சேலத்தின் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல்லும் மக்னீசியம் கார்பனேட் என்ற உப்பே; பெரும்பாலும் உலைகளுக்கான செங்கல் செய்யப் பயன்படும் அந்தக் கல்லின் வேதிப்பொருள், தூய்மையாக்கப்பட்ட வடிவில் அமிலமுறியாகவும் பயன்படுவது வியப்புக்குரியது.

வீடுகளில் எளிதில் கைக்கு வருவது ஆப்பச் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். அது அமிலத்தை உடனே முறிக்கிறது என்பது உண்மை. எனினும் 2 கிராம் சோடா முழுவதும் வினைபுரிந்தால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு வாயு உண்டாகிறது. அந்த வாயு ஏப்பமாக வெளியேறுவதைச் செரிமானம் சீரானதன் அடையாளமாகக் கொள்வது தவறு, ஏனெனில் வினையில் பிறந்த வாயுவே வெளியேறுகிறது. அதே 2 கிராமில் அரை கிராமுக்கும் மேல் சோடியம் இருப்பதால், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இப்பழக்கம் கேடு தரும்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களின் வயல்களில் விளையும் மரவள்ளியும் வயிற்றுப்புண் ஆய்வின் வரலாற்றில் ஓர் இடம் பெற்றிருக்கிறது. எவரெஸ்ட் மலையேற்றங்களில் 1922-லும் 1924-லும் பங்கேற்ற ஹோவர்டு சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில் பணியாற்றியபோது, சிறுகுடல் தொடக்கத்தில் புண் கொண்ட நோயாளிகள் பெருமளவில் வருவதைக் கண்டு, மரவள்ளியை மிகுதியாக நம்பிய சத்துக்குறைந்த உணவோடு அதைத் தொடர்புபடுத்தினார். பிற்காலத்தில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெறக் காரணமான ஆய்வு, இத்தகைய புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரியே காரணம் என்று காட்டியது. அமிலமுறி வலியைத் தணிக்குமே தவிர இந்த நுண்ணுயிரியை ஒழிக்காது. வாரக்கணக்கில் மருந்துப் புட்டியோடு காலம் கடத்துபவர் நோயை மறைத்துக்கொண்டிருக்கக்கூடும். மலம் கறுத்தாலோ, எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ மருத்துவப் பரிசோதனை அவசியம்.

இன்னொரு கவனமும் தேவை. கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை, அமிலமுறியுடன் சேர்ந்தால் உடலில் சரியாக ஏறுவதில்லை. கர்ப்ப காலத்திலோ நெஞ்செரிச்சல் மிகச் சாதாரணம். இரண்டுக்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி விட வேண்டும் என்பதைச் செவிலியர்கள் மாத்திரையைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மாரடைப்பின் வலியைக் 'கேஸ்' என்று எண்ணிவிடுவது. வியர்வை, மூச்சுத்திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றோடு நெஞ்சு அழுத்தினால், மருந்து குடித்தபின் சற்று இதமானதாகத் தோன்றுவது இதயம் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ மலைப்பாதையில் இறங்கிச் சிறுவாங்கூரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைவதற்கே கணிசமான நேரம் பிடிக்கும் என்பதால், மருந்து பலிக்கிறதா என்று பார்த்துக் காத்திராமல் வலி தொடங்கியதுமே 108 ஆம்புலன்சை அழைத்துவிட வேண்டும்.